முள் சொல்வது மெய்தானா?

சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில், பூந்தமல்லியைத் தாண்டி ஸ்ரீபெரும்புதூருக்குப் போகும் வழியில் தண்டலம் இருக்கிறது. அடுத்தது இருங்காட்டுக்கோட்டை. கார் தொழிற்சாலையும், 1990-இல் திறக்கப்பட்ட மோட்டார் பந்தயத் தடமும் அங்கேதான் உள்ளன. புதுக் கார்களை இரண்டு அடுக்காக ஏற்றிச் செல்லும் நீண்ட லாரிகள் இந்தச் சாலையில் ஓயாமல் போய்க்கொண்டிருக்கும். சித்திரை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், அந்த லாரிகளுக்கு நடுவே ஒரு பழைய கார் ஓரமாக நின்று ஆவி கக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். பக்கத்தில் நின்றவர் என்னிடம் இயற்பியல் படித்த பழைய மாணவர். கார், 1960களில் இங்கிலாந்தில் செய்யப்பட்ட டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார்.

"சார், மீட்டரைப் பார்த்துக்கிட்டேதான் வந்தேன். பூந்தமல்லியில முள் நடுவுல இருந்துச்சு. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா இறங்கிச்சு. எஞ்சின் நல்லா குளிர்ந்து ஓடுதுன்னு சந்தோஷப்பட்டேன் சார்!"

அவர் பொய் சொல்லவில்லை. முள் உண்மையாகவே இறங்கியிருந்தது. ஆனால் எஞ்சின் கொதித்துவிட்டது. சிலிண்டர் தலைக்குக் கீழே உள்ள கேஸ்கட் போய், தலையும் சற்றே வளைந்து, அதைச் சரிசெய்ய இரண்டு மாதமும் அவருடைய ஒரு மாதச் சம்பளமும் செலவாயின. வெப்பநிலை ஏறும்போது வெப்பநிலை காட்டும் முள் இறங்குவானேன்? பத்தாம் வகுப்பில் நீங்கள் படித்த ஓம் விதியும், மின்னோட்டத்தின் வெப்ப விளைவும் தெரிந்தால் இதற்கு விடை கண்டுவிடலாம்.

முதலில் அந்த மீட்டருக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். 1960களின் நடுவிலிருந்து பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பெட்ரோல் அளவையும் நீரின் வெப்பநிலையையும் காட்டியவை ஈருலோகப் பட்டை மீட்டர்கள். வெவ்வேறு அளவில் விரியும் இரண்டு உலோகத் தகடுகளை ஒட்டிச் செய்த பட்டை சூடானால் வளையும் என்பது உங்களுக்குத் தெரியும். மின்சாரச் சலவைப் பெட்டியின் வெப்பக் கட்டுப்பாட்டிலும் அதுதான் இருக்கிறது. இத்தகைய பட்டைகளில் குறைவாக விரியும் தகடாகப் பெரும்பாலும் அமைவது இன்வார் என்ற நிக்கல்-இரும்புக் கலவை. சூடேற்றினாலும் அது அநேகமாக நீள்வதே இல்லை. அதைக் கண்டறிந்த கியோம் என்ற அறிஞருக்கு 1920-இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது.

மீட்டரில் அந்தப் பட்டையின்மேல் மெல்லிய கம்பிச்சுருள் ஒன்று சுற்றப்பட்டிருக்கும. சுருளில் மின்னோட்டம் பாய்ந்தால் அது சூடாகும், பட்டை வளையும், வளைவு முள்ளை நகர்த்தும். அப்படியானால் அந்த முள் அளப்பது எதை? பெட்ரோலையும் அன்று, எஞ்சினின் வெப்பத்தையும் அன்று. தன் முதுகில் சுற்றிய கம்பியின் சூட்டை மட்டுமே அது அளக்கிறது. மற்றதெல்லாம் நாம் முகப்பில் எழுதி வைத்துள்ள எழுத்துகள்!

இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும். சித்திரை வெயிலில் நிறுத்திய காரில் முகப்புப் பலகையே சுடுமே, அந்தச் சூட்டுக்கும் பட்டை வளையாதா? வளையும். அதனால் பட்டையை 'ப' வடிவில் அமைத்து, ஒரு காலில் மட்டும் சுருளைச் சுற்றுகிறார்கள். வெளிச்சூடு இரண்டு கால்களையும் சமமாக வளைக்கும். ஒன்றின் விளைவை மற்றது ஈடுசெய்துவிடும். சுருளின் சூடு ஒரு காலை மட்டும் வளைக்கும். எளிய தந்திரம்தான், ஆனால் எனக்கு மிகவும் பிடித்தது.

பட்டை சூடாகவும் ஆறவும் சில விநாடிகள் ஆகும். ஆகையால் முள் மெதுவாகவே நகரும். இது குறையன்று. வளைவுகளில் தொட்டியில் பெட்ரோல் தளும்பும்போது முள்ளும் கூடவே ஆடாமல் இருப்பதற்கு இந்தச் சோம்பல்தான் காரணம்.

இனி மறுமுனைக்குப் போவோம். பெட்ரோல் தொட்டிக்குள் ஒரு மிதவையும், அதனோடு சேர்ந்து நகரும் மின்தடை மாற்றியும் இருக்கும். மெக்கானிக்குகள் இதை டேங்க் யூனிட் என்பார்கள். தொட்டி நிறைந்திருந்தால் மின்தடை குறைவு; காலியானால் அதிகம். எஞ்சினின் மேற்பகுதியில், நீர் ஓடும் இடத்தில் திருகப்பட்டிருக்கும் வெப்பநிலை உணரிக்குள் இருப்பது தெர்மிஸ்டர் என்ற குறைகடத்தித் துண்டு. செம்புக் கம்பி சூடானால் அதன் மின்தடை கூடும். இந்தத் துண்டிலோ சூடானால் மின்தடை குறையும். குளிர்ந்த எஞ்சினில் சில நூறு ஓம் இருப்பது, நீர் கொதிநிலையை நெருங்கும்போது சில பத்து ஓமாகிவிடும். மின்தடை குறைந்தால் மின்னோட்டம் கூடும், சுருள் சூடாகும், முள் ஏறும்.

இப்போது தண்டலத்துக்குத் திரும்புவோம். என் மாணவரின் காரில் கீழ்ப்புற ரப்பர்க் குழாய் ஒன்றில் வெடிப்பு. வழியெல்லாம் நீர் ஒழுகியது. நீர்மட்டம் இறங்க இறங்க, மேலே இருந்த உணரி நீரிலிருந்து வெளியே வந்துவிட்டது. அதைச் சூழ்ந்திருந்தது ஆவியும் காற்றும். ஓடும் நீரைப்போல் இவை வெப்பத்தை விரைவாகக் கடத்துவதில்லை. எனவே உணரி ஆறத் தொடங்கியது, மின்தடை ஏறியது, முள் இறங்கியது. உணரி தன் சூட்டைச் சரியாகத்தான் சொன்னது. எஞ்சினின் சூட்டைச் சொல்வதற்கு அதைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டிய நீர்தான் இல்லை. ஆதலால், நெடுநேரம் ஓடிய எஞ்சினில் காரணமில்லாமல் முள் இறங்கினால், ஏறினால் பதறுவதைவிடச் சற்று அதிகமாகவே பதற வேண்டும்.

உணரிக்குச் செல்லும் கம்பி அறுந்தாலும் இதே நிலைதான். மின்னோட்டம் சுழி, முள் 'குளிர்' பக்கம். அதே கம்பி உறை உரிந்து காரின் உடலில் பட்டால் முள் சிவப்பைத் தாண்டி ஓடும். முதலாவது பிழை நம்மைத் தூங்க வைக்கும்; இரண்டாவது தேவையில்லாமல் எழுப்பும். ஒரு கருவி எந்தத் திசையில் தவறுகிறது என்பது, எவ்வளவு தவறுகிறது என்பதைவிடச் சில வேளைகளில் முக்கியமாகிவிடுகிறது. பெட்ரோல் மீட்டரில் இது தலைகீழ். கம்பி அறுந்தால் 'காலி' என்று காட்டும். நாம் பங்க்கைத் தேடுவோம், கேடில்லை. உடலில் பட்டால் 'நிறைவு' என்று காட்டி நடுவழியில் நிறுத்திவிடும்.

இடையில் ஓர் எச்சரிக்கை. கொதிக்கும் ரேடியேட்டரின் மூடியை உடனே திறக்காதீர்கள். அது உங்கள் வீட்டுப் பிரஷர் குக்கரின் தம்பி. உள்ளே அழுத்தம் ஒன்றரை வளிமண்டலமாக இருந்தால் நீர் ஏறக்குறைய 111 டிகிரியில்தான் கொதிக்கும். மூடியைத் திறந்த கணத்தில் அழுத்தம் விழுந்து, 100 டிகிரிக்கு மேலிருந்த நீர் ஆவியாகச் சீறி முகத்தில் அடிக்கும். அரைமணி நேரமாவது ஆறவிடுவது நல்லது.

கார் பட்டறையிலிருந்து திரும்பியது. அடுத்த வாரமே மாணவர் மீண்டும் வந்தார். இம்முறை எதிர்மாறான குறை. வெப்பநிலை முள் சிவப்பை ஒட்டி நிற்கிறது. அதோடு, பாதித் தொட்டி பெட்ரோலுக்குப் பெட்ரோல் முள் 'நிறைவு' என்கிறது. "உணரியை மாத்திடலாமா சார்?" என்றார்.

மாற்ற வேண்டியதில்லை. ஏன்? இரண்டு மீட்டர்களுக்கும் தனித்தனி உணரிகள். ஒன்று எஞ்சினில், மற்றொன்று இருக்கைகளுக்குப் பின்னால் உள்ள தொட்டியில். இரண்டும் ஒரே நாளில், ஒரே திசையில் கெட்டுப்போவது நடக்கக்கூடியதுதான். ஆனால் அதை நம்புவதற்கு முன், இரண்டுக்கும் பொதுவானது என்ன என்று தேட வேண்டும். இந்தப் பக்கத்தில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார்களைப் பழுதுபார்த்துப் பழகிய வயதான மெக்கானிக் ஒருவர் இதை அழகாகச் சொல்வார்: "ரெண்டும் சேர்ந்து பொய் சொன்னா, ரெண்டுக்கும் சோறு போடுறவனைப் பாரு தம்பி." (ஹெரால்டு நம் ஊர்க் கார். 1948-இல் சென்னையில் தொடங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் 1961 முதல் அதைச் செய்தது. ஸ்பிட்ஃபயரின் அடிச்சட்டம் ஹெரால்டின் அடிச்சட்டத்திலிருந்து பிறந்தது. அதனால் அந்தப் பெரியவருக்கு இந்தச் சீமைக் கார் புதிதாகத் தெரியவில்லை.)

சோறு போடுபவன் யார்? காரின் மின்கல அடுக்கு 12 வோல்ட் என்கிறோம். எஞ்சின் ஓடும்போது அது 14 வோல்ட்டைத் தொடும். மெதுவாக ஓடும்போதும் விளக்குகளைப் போடும்போதும் இறங்கும். மின்னழுத்தம் ஏறி இறங்கினால் மீட்டரின் மின்னோட்டமும் ஏறி இறங்கும். பெட்ரோல் அளவு மாறாமலேயே முள் மாறும். இதைத் தடுக்க மின்னழுத்தச் சீராக்கி என்ற சிறு டப்பாவை இடையில் வைத்தார்கள். அது இரண்டு மீட்டர்களுக்கும் 10 வோல்ட்டுக்குச் சமமான மின்சாரத்தைத் தருகிறது.

அந்தக் காலத்துச் சீராக்கிக்குள் டிரான்சிஸ்டர் எதுவும் கிடையாது. அங்கேயும் ஓர் ஈருலோகப் பட்டை, அதன்மேல் ஒரு சூடேற்றும் சுருள்! பட்டையின் நுனியில் ஒரு தொடுமுனை. மின்சாரம் வந்ததும் சுருள் சூடாகிப் பட்டை வளைந்து தொடுமுனை விலகும், மின்சாரம் நிற்கும். பட்டை ஆறியதும் மீண்டும் தொடும். இப்படி விட்டு விட்டுத் தருவதால், வெளியே செல்வது நிலையான 10 வோல்ட் அன்று. முழு மின்னழுத்தமும் சுழியும் மாறி மாறி வருகின்றன. மீட்டர்கள்தாம் சோம்பேறிகளாயிற்றே, அவற்றுக்கு இந்தத் துடிப்பு தெரியாது.

எவ்வளவு நேரம் தொட்டிருக்கும் என்று கணக்கிடலாம். சுருளில் பிறக்கும் வெப்பம் மின்னழுத்தத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். மின்னழுத்தம் 14 வோல்ட் என்றால், தொட்டிருக்கும் நேரப் பங்கு 10²/14² = 100/196, அதாவது 0.51. 12 வோல்ட்டாக இறங்கினால் 100/144 = 0.69. மின்னழுத்தம் குறைந்தால் அதிக நேரம் தொடுகிறது, வெப்பம் மாறுவதில்லை. ஒரு பட்டையின் பிழையை இன்னொரு பட்டையைக் கொண்டே திருத்துவதில் உள்ள நேர்த்தியைக் கவனியுங்கள்.

இந்தச் சீராக்கியின் சூடேற்றும் சுருள் வேலை செய்ய அதன் மறுமுனை காரின் உடலோடு இணைந்திருக்க வேண்டும். காரில் உடல்தான் மின்சாரம் திரும்பும் பாதை; மெக்கானிக் பேச்சில் 'எர்த்'. டப்பாவைத் தகட்டோடு பிணைக்கும் திருகே அந்த இணைப்பு. என் மாணவரின் காரைப் பழுதுபார்த்தவர்கள், சும்மா இருக்காமல், முகப்புப் பலகைக்குப் பின்னால் துருப்பிடித்திருந்த தகட்டுக்கு நல்ல கனமாகப் பெயின்ட் அடித்துவிட்டு டப்பாவைத் திரும்பப் பூட்டியிருந்தார்கள். பெயின்ட் மின்கடத்தாப் பொருள். சுருளில் மின்னோட்டம் இல்லை, அது சூடாகவில்லை, தொடுமுனை விலகவேயில்லை. 10 வோல்ட்டுக்குப் பதில் 14 வோல்ட் முழுவதும் மீட்டர்களுக்குப் போய்க்கொண்டிருந்தது.

விளைவு எவ்வளவு? கணக்கு எளிதாக வர, மீட்டரின் சுருள் 60 ஓம், உணரி 40 ஓம் என்று கொள்வோம். 10 வோல்ட்டில் மின்னோட்டம் 0.1 ஆம்பியர், சுருளில் வெப்பத் திறன் 0.1² × 60 = 0.6 வாட். 14 வோல்ட்டில் மின்னோட்டம் 0.14 ஆம்பியர், திறன் 1.18 வாட். ஏறக்குறைய இரண்டு மடங்கு! அரைத் தொட்டி முழுத் தொட்டியாகத் தெரிந்ததில் வியப்பில்லை.

உப்புத்தாளால் பெயின்டைச் சுரண்டித் திருகை முடுக்கினோம். ஐந்து நிமிட வேலை. ஒரு நிமிடத்துக்குள் இரண்டு முள்களும் கீழே வந்து தத்தம் இடங்களில் நின்றன.

பெயின்ட் தகட்டை அப்படியே மறைக்காமல் தொட்டியின் எர்த் இணைப்பில் துரு மட்டும் பிடித்திருந்தால்? அங்கே 20 ஓம் கூடுதல் மின்தடை என்று வைத்துக்கொண்டு நீங்களே கணக்கிடுங்கள். மின்னோட்டம் 0.083 ஆம்பியர், திறன் 0.42 வாட் என்று வரும். பெட்ரோல் முள் மட்டும் குறைத்துக் காட்டும். வெப்பநிலை முள் சரியாக இருக்கும். விளக்கைப் போட்டதும் முள்கள் நகர்கின்றனவா? அப்படியானால் விளக்கும் மீட்டரும் ஒரே கெட்ட எர்த்தைப் பங்கிட்டுக்கொள்கின்றன என்று ஐயப்படலாம். விளக்குகளின் 10 ஆம்பியர், 0.1 ஓம் துருவின் வழியே போனாலே 1 வோல்ட் அங்கே விழுந்துவிடுகிறது.

காரே இல்லாமல் இதில் ஒரு பகுதியை நீங்கள் வீட்டில் செய்து பார்க்கலாம். எதிர்க்குறி வெப்பநிலை எண் கொண்ட தெர்மிஸ்டர் ஒன்றைச் சென்னை ரிச்சி தெருவிலோ உங்கள் ஊர் மின்னணுக் கடையிலோ வாங்குங்கள். அதை மெல்லிய பிளாஸ்டிக் உறையிலிட்டு, வெப்பமானியோடு சேர்த்து வெந்நீரில் அமிழ்த்தி, நீர் ஆற ஆற 5 டிகிரிக்கு ஒருமுறை மின்தடையைக் குறித்து வரைபடம் வரையுங்கள். நேர்கோடு வராது. பிறகு நீரை மறுபடி சூடாக்கி, தெர்மிஸ்டரை நீருக்குச் சற்று மேலே தூக்கிப் பிடித்து மின்தடை என்ன ஆகிறது என்று பாருங்கள். தண்டலத்துச் சாலையில் நடந்தது உங்கள் சமையலறையில் நடக்கும். பெட்ரோல் தொட்டியிலுள்ள யூனிட்டைக் கழற்றிச் சோதிக்கும் வேலையை மட்டும் மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள். அங்கே ஒரு சிறு பொறி போதும்.

வேகமானியைப் பற்றியும் சில சொற்கள். பழைய கார்களில் இது முற்றிலும் வேறு வகை. கியர்ப் பெட்டியிலிருந்து வரும் முறுக்குக் கம்பி ஒரு காந்தத்தைச் சுழற்றும். காந்தத்தைச் சூழ, அதைத் தொடாமல், ஓர் அலுமினியக் கிண்ணம். சுழலும் காந்தப்புலம் கிண்ணத்தில் சுழல் மின்னோட்டங்களைத் தூண்ட, லென்ஸ் விதிப்படி கிண்ணம் காந்தத்தோடு சேர்ந்து திரும்ப முயலும். ஒரு மயிரிழைச் சுருள்வில் அதைப் பிடித்து நிறுத்தும். எவ்வளவு வேகமோ அவ்வளவு திருப்பம். முள் துள்ளித் துள்ளி ஆடினால் கம்பியில் எண்ணெய்ப் பசை வற்றிவிட்டது என்று பொருள். கம்பி சிக்கி முறுகி, விடுபட்டுப் பாய்கிறது. வேகமானி எண்ணுவது சக்கரத்தின் சுற்றுகளை மட்டுமே. 300 மி.மீ. ஆரமுள்ள டயரில் 7 மி.மீ. தேய்ந்தால் ஆரம் 2.3 விழுக்காடு குறையும்; சுற்றுகள் கூடும்; வேகமானி அந்த அளவுக்கு மிகைப்படுத்தும். பெரிய டயர் மாட்டினால் குறைத்துக் காட்டும். இதுதான் ஆபத்து.

சட்டமும் இதை அறியும். ஐக்கிய நாடுகள் அவையின் 39-ஆம் எண் வாகன விதிப்படி, வேகமானி உண்மை வேகத்துக்குக் குறைவாக ஒருபோதும் காட்டக்கூடாது. கூடுதலாகக் காட்டலாம், உண்மை வேகத்தில் பத்தில் ஒரு பங்கும் அதற்குமேல் 4 கி.மீ.யும் வரை. மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் செல்லும் கார் 80 முதல் 92 வரை எதைக் காட்டினாலும் விதிக்கு உட்பட்டதே. நீங்கள் காரில் பயணியாகச் செல்லும்போது (ஓட்டுபவர் அன்று!) இதைச் சோதிக்கலாம். வேகம் மாறாமல் ஓட்டச் சொல்லி, ஒரு கிலோமீட்டர்க் கல்லிலிருந்து அடுத்த கல் வரையிலான நேரத்தை விநாடிகளில் குறித்துக்கொள்ளுங்கள். 3600-ஐ அந்த எண்ணால் வகுத்தால் உண்மை வேகம். 50 விநாடி என்றால் 72 கி.மீ.

இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில் ஓடும் பந்தயக் கார்களை எட்டிப் பார்த்தால் பலவற்றில் வேகமானியே இராது. ஓட்டுநருக்கு வேண்டியது எஞ்சினின் சுற்று எண்ணிக்கை. தடத்தின் முழுச்சுற்று 3.717 கி.மீ.; வேகம் வேண்டுமானால் நேரத்தைக் கொண்டு கணக்கிட்டுக்கொள்ளலாம். எவ்வளவு பெட்ரோல் ஊற்றுவது என்பதையும் சுற்றுகளைக் கொண்டே கணிப்பார்கள். பழைய பந்தய ஓட்டிகளிடம் இன்னொரு வழக்கம் உண்டு. மீட்டர்களைத் துளையில் திருப்பிப் பொருத்தி, எல்லாம் ஒழுங்காக இருக்கும்போது எல்லா முள்களும் நேர்மேலே நோக்கும்படி வைப்பார்கள். எண்களைப் படிக்க நேரம் இல்லை. சாய்ந்து நிற்கும் ஒரு முள் ஓரக்கண்ணிலேயே பட்டுவிடும்.

ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் இன்று உருவாகும் கார்களில் ஈருலோகப் பட்டையும் இல்லை, சீராக்கி டப்பாவும் இல்லை. கணிப்பொறி எல்லாவற்றையும் அளந்து திரையில் காட்டுகிறது. ஆயினும் இன்றைய கார்கள் பலவற்றில் வெப்பநிலை முள் வேண்டுமென்றே நடுவில் நிறுத்தி வைக்கப்படுகிறது. நீரின் வெப்பநிலை பல டிகிரி ஏறி இறங்கினாலும் அது அசையாது. வாடிக்கையாளர் பதறக் கூடாதாம். இதை என்னால் முழுமனத்தோடு ஏற்க முடியவில்லை.

என் மாணவர் இப்போது காலையில் எஞ்சினை முடுக்குமுன் இரண்டு வேலை செய்கிறார். சாவியை மட்டும் திருப்பி, குளிர்ந்த எஞ்சினில் வெப்பநிலை முள் அடியிலேயே கிடக்கிறதா என்று பார்க்கிறார். பிறகு ரேடியேட்டர் மூடியைத் திறந்து நீர்மட்டத்தை விரலால் தொட்டுப் பார்க்கிறார். பெட்ரோல் முள் இன்னும் சற்றுக் கூடுதலாகவே காட்டுகிறது. மிதவையின் கம்பி வளைந்திருக்கலாம். அதைத் திருத்த அவருக்கு நேரமில்லை. ஐந்தைந்து லிட்டராக ஊற்றிக் கோடு போட்ட மூங்கில் குச்சி ஒன்று இருக்கைக்குப் பின்னால் கிடக்கிறது.